குமிழ் ஒன்றுக்கு ஓர் அடி

எங்கள் மாமாவுக்குக் கன்னடத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். "ஹொஸது பந்திதியா?" புதுசு வந்திருக்கிறதா என்று பொருள். பெங்களூரில் ஒரு பொம்மைக் கடைக்காரரிடம் கேட்பதற்கென்றே அதைப் பாடம் பண்ணி வைத்திருந்தார். இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் தருமபுரி ஸ்டேஷனில் போய் நின்றுவிடுவார். அவ்வளவு தூரம் போகிறவர் ஒரு கிலோ பீன்ஸாவது வாங்கி வரக்கூடாதா என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். சாயங்கால வண்டியில் கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்குவார். வேறு எதுவும் கையில் இருக்காது.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ரோடு போடும் இலாகாவில் ஓவர்சியர். நல்ல உயரம், அடர்ந்த மீசை, தொண்டையைச் செருமினால் கான்ட்ராக்டர்கள் எழுந்து நிற்பார்கள் என்று சொல்வார்கள். அந்த மனிதர் வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கைலியோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்குவார். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கட்டைகள். மேலே குமிழ் குமிழாக இருக்கும், அடியில் பள்ளமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது தொடங்கியதே என் பையனுக்கு வந்த பரிசில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். மாமாதான் ஞானத்தகப்பன். பரிசாக அந்தக் கட்டைப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, "உள்ள எல்லாம் செரியா இருக்குதான்னு பாத்துட்டுத் தர்றேன்" என்று பெட்டியைத் திறந்தார். பையன் தவழ்ந்தான், நடந்தான், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். மாமா இன்னும் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வாய்விட்டே கேட்டேன்.

"மாமா, அது எம் பையனுக்கு வாங்கினதுதான?"

"ஆமாம்மா. அவங்கிட்ட குடுத்தா வாயில வெச்சிக்குவான்."

"அவன் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறான் மாமா."

"அப்ப தொலைச்சிடுவான்" என்றார், தலையைத் தூக்காமலே.

பெட்டியின் மேல்மூடியில் ஒரு படம் இருக்கும். காரோ, ரயிலோ, சின்ன வீடோ. உலகத்தில் உள்ள குழந்தைகள் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டும். மாமாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. "அவங்க கட்டினத நாம திருப்பிக் கட்டறதுக்கு நாம எதுக்கு?" என்பார். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானாக ஒன்றை யோசிப்பார். தருமபுரி பஸ் ஸ்டாண்டைக் கட்டினார். தான் மேற்பார்வை பார்த்த பாலத்தைக் கட்டினார். ஆபீஸ் பியூன் கேட்டுக்கொண்டான் என்று மஞ்சள் கட்டைகளாலேயே தீர்த்தமலையைக் கட்டி, உச்சியிலிருந்து தீர்த்தம் விழுவதற்கு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக இறக்கியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, மனிதருக்குக் கை இருந்தது.

ஆனால் எதையும் நிற்க விடமாட்டார். அதுதான் அவருடைய நோய். பெங்களூரிலிருந்து புதுப் பெட்டி வந்துவிட்டால் போதும், அதில் புதுசாக ஏதோ ஒரு துண்டு இருக்கும். சாய்வாக வரும் ஓட்டுத் துண்டு, கண்ணாடி வைத்த ஜன்னல், சக்கரம், கீல் வைத்த கதவு. "இத வெச்சா இன்னும் நல்லா வரும்மா" என்று கட்டிவைத்த அத்தனையையும் மளமளவென்று பிரித்துப் போட்டுவிடுவார். பஸ் ஸ்டாண்டைப் பார்க்க அவருடைய ஆபீஸிலிருந்து ஆட்கள் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார்கள். தரை முழுக்கக் கட்டை சிதறிக் கிடந்தது. "நேத்து வந்திருக்கணும் நீங்க" என்றார் மாமா. பாலத்தைப் பார்க்க வந்தவர்களுக்கும் அதே பதில். பியூன் மட்டும் எப்படியோ தீர்த்தமலையைப் பார்த்துவிட்டான், அதுவும் பாதி மலையை.

அக்கா பாடுதான் பாவம். வீடு பெருக்கினால் முறத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் குப்பையைக் கொட்ட வேண்டும். அவர் விரலால் துழாவிப் பார்த்து, "செரி, போ" என்று உத்தரவு கொடுப்பார். அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் படித்ததால் தப்பித்தார்கள். நான் போகும்போதெல்லாம் என் குதிகாலில் ஒரு கட்டை குத்தும். கத்துவேன். "ஒடையலியே?" என்று கேட்பார். என் காலை அல்ல.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டிலும் வைக்கோல் பரப்பிக் குடில் வைத்தால், இவர் கட்டையால் மாட்டுத்தொழுவம் கட்டினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சூசையப்பர், மாதா, ஆடு, மாடு எல்லாம் உள்ளே பாந்தமாக நின்றிருந்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் கேக்கை எடுத்துக்கொண்டு நாங்கள் போகிறோம், தொழுவத்தைக் காணோம். யாரோ நண்பர் புதுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மாமா தரையில் உட்கார்ந்து கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாதாவும் சூசையப்பரும் பாலனும் ஜன்னல் திட்டில் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கு சத்திரத்துலயும் அவங்களுக்கு எடமில்ல, இன்னைக்கு இங்கயும் எடமில்ல" என்றாள் அக்கா. மாமாவுக்கு அது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் என் வீட்டுக்குப் பிளான் போடச் சொல்லலாமா? என் வீட்டுக்காரர்தான் சொல்லச் சொன்னார். "ஓவர்சியரையே வூட்ல வெச்சிக்கினு வெளிய போய் பிளான் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அவர் எதற்கும் அதிர்ந்து பேசாத மனிதர். அதனால் எல்லாருக்காகவும் நானே அதிர்ந்து பேச வேண்டியிருந்தது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். தண்ணீர்க் குழாய் வீட்டுக்கார அம்மாளின் சமையலறைப் பக்கம் இருந்தது. அவள் மனசு வைத்தால் திறப்பாள், முகம் சுளித்தால் மூடிவிடுவாள். மூத்தவன் பிறந்தபோது அந்தக் குழந்தைத் துணிகளை அலச நான் அவளிடம் கெஞ்சியது எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். இரண்டாவது உண்டானதும் முடிவே பண்ணிவிட்டேன், இந்தப் பிள்ளையை என் சொந்த வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவேன் என்று. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். கிழக்கே ரோடு, மேற்கே கடைசியில் ஒரு கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பற்றித் தெரிந்ததுதானே. பங்குனி தாண்டினால் வாளி தரையில் மோதும். அதற்குள் சுவர் எழும்பி, அது இறுகும்வரை தினம் தண்ணீர் காட்டியாக வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஃபாதர் அடிக்கல் மந்திரிக்கிற வழக்கமும் இல்லை. அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னால் அடிக்கல் போடாவிட்டால் அப்புறம் ஈஸ்டர் முடிந்துதான். ஈஸ்டர் முடிந்தால் கிணற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் வீடு இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். பேப்பரில் பிளான் போடுவார் என்று நினைத்தால், கட்டைகளைக் கொட்டினார். "பேப்பர்ல என்னாம்மா தெரியும்? இதுல பாத்தா வூடே தெரியும். ஒரு குமிழு ஒரு அடி. மேஸ்திரி எண்ணிப் பாத்துக் கட்டிடலாம்."

தீபாவளிக்குக் கட்டை வீடு தயார். கார்த்திகையில் ஜன்னல் பெட்டி வந்தது. வீட்டைப் பிரித்து, சுவரே தெரியாமல் ஜன்னலாக வைத்துக் கட்டினார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஓட்டுத் துண்டு இன்னும் கொஞ்சம் வந்தது. மொட்டை மாடி போய்ச் சாய்வுக் கூரை வந்தது. பொங்கல் கழித்து வளைவு வந்தது. அரைவட்டமாக, கோயில் வாசலில் இருப்பது போல. அதை ஒரு பக்கம் வைத்து, அதற்கு ஏற்ற மாதிரி ரூம்களை எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்த்து, "இது போதும் மாமா, அருமையா இருக்குது, இதையே வெச்சிக்கலாம்" என்பேன். "இரும்மா" என்பார். என் வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. செங்கல்லும் மணலும் மனையில் வந்து இறங்கிவிட்டன. மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டு தினம் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சாம்பல் புதனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா சொன்னார், "வட்டத் தூணு வந்திருக்குதாம். நாளைக்கு பெங்களூர் போயி வாங்கியாந்துடறேன். முன்பக்கம் ரெண்டு தூணு வெச்சா வூடே மாறிடும்."

"நாளைக்கா? புதன்கெழம சாம்பல் புதன் மாமா."

"அதுக்கென்னாம்மா, ஈஸ்டர் கழிச்சி வெச்சிக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் மாமா ரயில் ஏறிவிட்டார்.

ரயில் கிளம்பியது தெரிந்ததும் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். "தாம்பாளத்த எடுக்கா" என்றேன். சீர் வைக்கிற பெரிய தாம்பாளத்தை எடுத்து வந்தாள். இரண்டு பேருமாக அந்தக் கட்டை வீட்டை அலுங்காமல் தூக்கி அதில் வைத்தோம். அவளுக்கு அன்று வேறு வேலை இருந்தது, என்னோடு வரவில்லை. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியில் கோயிலில் இறங்கி, இன்றைக்கே வந்து மந்திரித்துக் கொடுங்கள் என்று ஃபாதரிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்த்த ஃபாதர் வேறு பேச்சே பேசாமல் சரி என்றார்.

மனையில் மேஸ்திரி தாம்பாளத்தை மணல்மேட்டில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யம்மா, இதுல எது முன்பக்கமுங்க?"

அந்தக் கட்டைக் கதவுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. தலைவாசல் எது, கொல்லைக் கதவு எது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஒரு பக்கம் வளைவு இருந்தது.

"வளைவு இருக்கறதுதான் முன்பக்கம். பாத்தா தெரியலீங்களா?"

"அதானுங்களே. அழகா இருக்கறது முன்னாலதான் வரணும்" என்று வளைவை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பிறகு விரலால் குமிழ்களை எண்ணினார், அடிக்கோலால் தரையில் அளந்தார். என் வீட்டுக்காரர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக் கோடு விழுந்தது. வளைவைத் தாண்டியதும் ஒரு சின்ன ரூம், பிறகு இரண்டு ரூம், கிணற்றுப் பக்கம் பெரிய ரூம். எனக்கு அவ்வளவு பெரிய அடுப்படியா என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். கடப்பாரை இறங்கியது.

சாயங்காலம் கோடு போட்ட இடமெல்லாம் முழங்கால் ஆழம் வெட்டியிருந்தார்கள். மாமா ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கே வந்தார். கக்கத்தில் பெட்டி. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மத்தியானத்திலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். குழியை ஒட்டியே மெதுவாக ஒரு சுற்று நடந்தார். கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மண்வெட்டிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"ஏதாச்சும் மாத்தணுங்களா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

மாமா என்னைப் பார்த்தார். நானும் விடாமல் பார்த்தேன்.

"இல்ல, செரியாத்தான் இருக்குது. வெட்டுங்க. ஆழம் மட்டும் கொறையாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செங்கல் அடுக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு மாமா தினமும் சைட்டுக்கு வந்தார். சுவர் நூல் பிடித்த மாதிரி வருகிறதா என்று பார்த்தார், சித்தாள்கள் தண்ணீர் காட்டாமல் ஏமாற்றினால் சத்தம் போட்டார். ஆனால் ஒரு செங்கல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வட்டத் தூண் பெட்டியை அவர் பிரிக்கவே இல்லை என்று அக்கா சொன்னாள். கிணற்றில் கடைசி வாளித் தண்ணீர் இருக்கும்போது கூரை மட்டத்துக்கு வேலை வந்துவிட்டது.

ஆனி மாதம் வீடு மந்திரித்தோம். எனக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபாதரும், கோயில் உபதேசியாரும், மெழுகுதிரி ஸ்டாண்டும் நின்றதும் ஹால் நிரம்பிவிட்டது. வந்த சனம் அத்தனையும் அடுப்படியில் போய் நின்று செபம் சொன்னார்கள். அடுப்படியில் பந்தியே போடலாம், போட்டோம். பிரியாணி இலையை எடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுற்றிப் பார்த்த அக்கா என்னிடம் வந்தாள்.

"ஏண்டி, ஹால்ல எதுக்கு அடுப்ப வெச்சிருக்கற?"

"இது ஹாலா? அடுப்படி இது."

"இல்லடி. அந்தச் சின்ன ரூம்தான் அடுப்படி, அதுக்கு வெளிய வளைவு. எங்கிட்ட எத்தன தரம் சொல்லியிருப்பாரு. வளைவு கெணத்தப் பாத்து இருக்குது. மத்தியானம் டியூட்டி முடிஞ்சு வந்து மேற்கு வெயில்ல பாத்திரம் தேய்க்கிறா, மண்ட காயுதுன்னு பொலம்பறா, அதுக்குன்னே நெழலு பண்ணியிருக்கேன்னாரு. நீ எதுக்கு முன்பக்கமா மாத்திக்கின?"

நான் எப்போது புலம்பினேன்? அக்காவிடம் என்றைக்கோ சொல்லியிருப்பேன். பக்கத்தில் அவர் கட்டைகளுக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். இந்த மனிதருக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தால் எனக்கு எதையாவது தேய்த்தாக வேண்டும். பிரியாணி அண்டாவை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். யார் தடுத்தும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா கை கழுவ அங்கே வந்தார்.

"மாமா, வூடு திரும்பி நிக்குதுன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"குழியப் பாத்தப்பவே தெரிஞ்சிது."

"அப்ப ஏன் சொல்லல? கிறிஸ்துமஸ் அன்னைக்கே குடிலப் பிரிச்சவருதான நீங்க? இத மட்டும் எதுக்கு விட்டீங்க?"

அவர் செம்பிலிருந்த தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றிக் கையைக் கழுவினார்.

"சொல்லியிருந்தா மூடிட்டு மறுபடி வெட்டணும். மறுபடி மந்திரிக்கணும். மேஸ்திரி வேற வேலைக்குப் போயிடுவாரு. கெணத்துல எட்டிப் பாத்தேன், தண்ணி எறங்கிக்கினு இருந்துது. நீ வவுத்தத் தள்ளிக்கினு நின்னுக்கினு இருந்த. அந்தக் கொழாய்க்காரி வூட்லயே இந்தப் புள்ளையும் பொறக்கணுமா?"

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. வளைவு கிணற்றுப் பக்கம் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கதவில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தால் என்ன? கேட்பதை விட்டுவிட்டு, அண்டாவை இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

"இங்க வெயில் ரொம்ப அடிக்குதாம்மா?" என்று கேட்டார்.

மூன்று மணி இருக்கும். மேற்கு வெயில் நேராக என் முகத்தில் அடித்தது. அண்டாவின் விளிம்பைத் தொட முடியவில்லை.

"இல்ல மாமா. காத்து நல்லா வருது" என்றேன்.

அவர் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் செம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினார்.

"தலையில போட்டுக்கம்மா."

வாங்கிப் போட்டுக்கொண்டேன்.